பதினேழாம் லைன்

டோக்கன் முப்பத்தொன்று. சுவரில் ஓடுகிற சிவப்பு எண் இருபத்திரண்டில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. நகராவிட்டால் போகட்டும், திலகவதிக்கு என்ன அவசரம், அவள்தான் ஃப்ரீ ஆயிற்றே. அப்படித்தான் நேற்றுக் காலையில் தம்பி கேட்டான். மாடியில் இருந்துகொண்டு, கீழே பின்ரூமில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, நாளைக்கு நீ ஃப்ரீதானே?" என்றான். பதினாலு படி இறங்கி வந்து கேட்டால் கால் தேய்ந்தா போகும். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை. ஐம்பத்தாறு வயசில், கல்யாணமும் ஆகாமல், பார்த்த வேலையும் போய், படுக்கையில் கிடந்த அப்பாவும் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆன ஒரு பொம்பளை வேறு எப்படி இருப்பாள். "ஃப்ரீதான்டா வேலு" என்றாள். சொன்னதும் வாய் கசந்தது, காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டோமோ என்று டம்ளரைப் பார்த்தாள், சர்க்கரை போட்டுத்தான் இருந்தது. இன்றைக்குப் பதிவு ஆபீஸுக்குக் கிளம்பும்போது காரில் இடம் இல்லை. முன்சீட்டில் வேலுவும் அவன் பெண்டாட்டி சுபாஷிணியும், பின்சீட்டில் பத்திரம் எழுதுகிறவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ரெண்டு பேரும். "மதினி, நீங்க டவுன் பஸ்ல வந்துருங்க, லேடீஸுக்கு ஃப்ரீதானே" என்றாள் சுபாஷிணி. வீட்டை எழுதி வாங்குகிறவன் காரில் போகிறான், எழுதிக் கொடுக்கிறவள் ஓசி பஸ்ஸில் போகிறாள், ரொம்ப நியாயம். பஸ்ஸில் ஒரு பெரிய மனுஷன், வெள்ளைச் சட்டை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "காசு குடுத்து ஏறுனவன் நிக்கிறான், ஓசியில வந்ததுக உக்காந்துருக்கு" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி எல்லோருக்கும் சொன்னான். திலகவதி உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிடலாமா என்று தொடை ஒரு தரம் தூக்கிக்கொண்டது, பிறகு அடங்கிவிட்டது. அந்தத் தொடையின் துள்ளல் இப்போதும், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலும், இருக்கிறது.

எழுதிக் கொடுப்பதற்குப் பேர் விடுதலைப் பத்திரம். அப்பா வீட்டில் பெண்ணுக்கு உள்ள பங்கை, எனக்கு வேண்டாம், உடன்பிறந்தவனே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது விடுதலை. யாருக்கு யாரிடமிருந்து என்று கேட்கக் கூடாது. இங்கே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் விடுதலை ஆக வந்தவர்கள் யார் யார் என்று திலகவதி அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள், ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஜவுளிக்கடைப் பையைப் பார்த்தால் போதும். கையெழுத்துப் போடுகிற அக்கா தங்கச்சிக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும், மனக்குறையோடு போட்ட கையெழுத்து வீட்டுக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம். வீட்டுக்கு ஆகாதாம். மனக்குறை பட்டவளுக்கு ஆகுமா ஆகாதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதோ தூணோரம் ஒரு அம்மா, பக்கத்தில் மூன்று ஆம்பிளைகள், அதில் ஒருத்தன் கையில் பை. அந்தப் பக்கம் ரெண்டு தங்கச்சிகள், ரெண்டு பை, ஒரே கடை, ஒரே கலராகக்கூட இருக்கும், சண்டை வராமல் இருக்க. திலகவதியின் பை சுபாஷிணி மடியில் இருக்கிறது, கையெழுத்து ஆனபிறகுதான் கைமாறும். சேலை இருக்கட்டும், அவளுக்கு வேண்டியது ஒரு வரி. பத்திரத்தில் ஒரே ஒரு வரி. அப்பா காரியம் முடிந்து, படத்துக்கு மாலை போட்ட அன்றைக்கு, வேலு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானே, நிஜமாகத்தான் அழுதான், அதில் பொய் இல்லை, அப்போது சொன்னான்: "அக்கா, நீ இருக்கிற வரைக்கும் அந்தப் பின்ரூம் உனக்குத்தான். வாய்வார்த்தை வேணாம், பத்திரத்துலயே எழுதிருவோம்." ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அந்த வரியை அவள் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்துப் பத்திரத் தமிழே அவளுக்குப் பழகிவிட்டது. மூணு தரம் கேட்டாகிவிட்டது, போட்டாச்சா என்று. "எல்லாம் கரெக்டா இருக்கு மதினி, டைப் அடிச்சு ரெடியாயிருச்சு" என்கிறாள் சுபாஷிணி. எல்லாம் கரெக்டாக இருக்கிறது என்றால் அந்த வரி இருக்கிறது என்று அர்த்தமா. காகிதத்தைக் கண்ணில் காட்டினால் தீர்ந்தது. பத்திரக்காரர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். இருபத்து மூன்று.

ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் எதிர்ச்சொல் எழுதச் சொல்லிப் பத்து வார்த்தை போடுவார். ஹாட்டுக்கு கோல்ட், டேக்கு நைட், ஒவ்வொன்றுக்கும் ஒரே எதிரி, ஒழுங்கான வார்த்தைகள். ஃப்ரீக்கு என்ன என்று வந்தபோது திலகவதி காசு கொடுத்து வாங்குவது என்ற எண்ணத்தில் பெய்டு என்று எழுதினாள், பக்கத்தில் ஜெயக்கொடி பிஸி என்று எழுதினாள், டீச்சர் ரெண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு பவுண்ட் என்று எழுதிப்போட்டார். பவுண்ட் என்றால் கட்டிப்போட்டது. கட்டிப்போட்ட மாடு, அவிழ்த்துவிட்ட மாடு. இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஊர் பூரா எதிரி என்று அப்போதே அவளுக்கு ஒரு திகைப்பு. பிறகு பஞ்சு மில்லில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது இன்னொரு எதிரி வந்தது, எங்கேஜ்டு. பலகையில் ஐம்பது ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு லைன், மேனேஜர் ரூம், நூற்புப் பிரிவு, கேட், கேன்டீன். சீனியர் ஆபரேட்டர் இருதயராஜ் சார் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்: "இந்தாம்மா, பிளக்கை உடனே குத்திறாத. நுனியால ஓட்டை விளிம்பை லேசாத் தொடு. காதுல டொக்குன்னு சத்தம் வந்தா உள்ள ஆள் இருக்கு. சத்தம் வரலேன்னா ஃப்ரீ. அப்பறம் குத்து." தொட வேண்டும், காது கொடுக்க வேண்டும், பிறகுதான் குத்த வேண்டும், பத்தொன்பது வருஷம் அதுதான் பிழைப்பு. டொக் என்றால், லைன்ல ஆள் இருக்கு சார், கொஞ்சம் இருங்க என்று சொல்ல வேண்டும், குரலில் சிரிப்பு இருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. ஆனால் பதினேழாம் லைன் ஒன்று இருந்தது, பஞ்சு குடோன். மழை பெய்தால் அந்த ஒயரில் ஏதோ ஆகி, ஆள் பேசிக்கொண்டிருந்தாலும் சத்தம் வராது. அது அவளுக்குத் தெரியாது. ஒரு ஐப்பசியில், தொட்டுப் பார்த்தாள், சத்தமே இல்லை, ஃப்ரீ என்று குத்திவிட்டாள். உள்ளே குடோன் கிளார்க் நாகமுத்து அண்ணன் திருநெல்வேலியிலிருந்து வந்த டிரங்க் காலில் பேசிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரியில் அவர் மகள். லைன் அறுந்துபோய், மறுபடி கிடைக்க நாலு மணி நேரம் ஆயிற்று, அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த அன்றைக்கு அவர் பலகை ரூம் வாசலில் வந்து நின்றார். திட்டுவார், காறித் துப்புவார், துப்பட்டும் என்று எழுந்து நின்றாள். அவர் மெதுவாக, "நான் லைன்லதான இருந்தேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் மழை பெய்தால் காதில் அதுதான் விழுகிறது.

அந்தப் பலகையில் அவளும் ஒரு தரம் எங்கேஜ்டாக இருந்திருக்கிறாள், இல்லை என்று சொல்ல முடியாது. தேனிக்காரர், கூட்டுறவு சங்கத்தில் வேலை, தனபாலன் என்று பேர், தட்டு மாற்றி நிச்சயம் ஆகியிருந்தது. மத்தியானம் ஒன்று பத்துக்கு மில்லுக்குப் போன் வரும். ஒரு லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம், பேச்சென்று ஒன்றும் இல்லை, சாப்டாச்சா, என்ன கொழம்பு, அங்க மழையா. வேறு யாராவது அந்த லைன் கேட்டால், ஆள் இருக்கு சார் என்பாள், அப்போது மட்டும் பல் தெரியச் சிரிப்பாள். நாலு மாசம் அது. பிறகு அம்மா திடீரென்று போனாள். வேலு பதினொன்றாம் வகுப்பு, அப்பாவுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது. ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம் என்று சொன்னது யார், அப்பாவா, அவளேதானா, எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடத்தில் சத்தம் கேட்கவில்லை. அப்பா தேனிக்காரர் வீட்டில் போய்ச் சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்றாள், அது மட்டும் தெரியும். வாய் திறக்கவில்லை. அவர் ரெண்டு வருஷம் காத்திருக்கவில்லை, காத்திருக்க அவருக்கு என்ன தலையெழுத்து. வேலு படித்தான், வேலைக்குப் போனான், சுபாஷிணி வந்தாள், மில்லை மூடினார்கள், அப்பா கீழே விழுந்தார். ஆறு வருஷம் படுக்கை. டாக்டர் வாராவாரம் கேட்பார், "மோஷன் ஃப்ரீயா போகுதா?" போகுது டாக்டர், ஃப்ரீயாத்தான் போகுது, ராத்திரி பகல் பார்க்காமல் போகுது, நான்தான் அள்ளிக் கொட்டுறேன் என்று சொல்ல வாய் வந்ததா, இல்லை, "போகுது சார்" என்றாள். அப்போதும் வேலு நல்லவன்தான். மருந்து ஒருநாள் தவறியது கிடையாது, தண்ணி மெத்தை வாங்கிப் போட்டான், ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து அப்பா காலைப் பிடித்துவிடுவான். ஆனால் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு கொடைக்கானல் என்றால், அக்காதான் இருக்காளே, அவ ஃப்ரீதானே. ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி. தண்ணி என்ன சொல்லும். எல்லோரும் வந்து விளிம்பில் தொட்டுப் பார்த்தார்கள், சத்தம் இல்லை, குத்தினார்கள். சத்தம் இல்லாததற்கு ஒயர்க் கோளாறு ஒரு காரணமாக இருக்கலாம் என்று இருதயராஜ் சார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, பாவம்.

இருபத்தெட்டில் பத்திரக்காரர் வந்தார். திலகவதி எழுந்துபோய், "அண்ணே, அதை ஒரு தரம் குடுங்க, படிச்சுப் பாத்துர்றேன்" என்றாள். அவர் வேலுவைப் பார்த்தார், வேலு சுபாஷிணியைப் பார்த்தான், சுபாஷிணி செல்போனைப் பார்த்தாள். படிக்கத் தெரிந்த பொம்பளை கேட்கும்போது கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தார். பதினோரு பக்கம். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், அப்பா பேர், அப்பாவின் அப்பா பேர், நான்கு எல்லை, வடக்கே யார் வீடு, கிழக்கே எந்தத் தெரு, கிணறு ஒன்று, வேப்பமரம் ஒன்று, வேப்பமரத்துக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. பின்ரூம் எங்கே. திருப்பினாள். நாளது தேதி முதல் மேற்படி சொத்தில் எனக்கு எவ்விதமான உரிமையோ பாத்தியதையோ தொடர்ச்சியோ பின்தொடர்ச்சியோ இல்லை. இல்லை, இல்லை, இல்லை. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொரு தாளாக எச்சில் தொட்டுப் பிரித்து மறுபடி முதலிலிருந்து வந்தாள். இல்லை. "வேலு, அந்த வரி இல்லையேடா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, உப்பு இல்லையே என்கிற மாதிரி. வேலு கழுத்தைச் சொறிந்துகொண்டான், சின்ன வயசிலிருந்து அதுதான் அவனுக்குப் பழக்கம், பரீட்சைத்தாளை ஒளித்து வைத்துவிட்டும் இப்படித்தான் சொறிவான். "அக்கா, அது வந்து, பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. கீழ ரெண்டு கடை, மேல ரெண்டு வீடுன்னு கட்டப் போறோம்ல, லோன் வேணும்ல." பத்திரக்காரர் அவனுக்குச் சிரமம் கொடுக்காமல் தானே சொன்னார்: "அந்த மாதிரி எழுதுனா வில்லங்கம் ஆயிரும்மா. வில்லங்கச் சான்று போட்டா ஒங்க பேரு வந்து நிக்கும். வீடு ஃப்ரீயா இருந்தாத்தான் பேங்க்காரன் கடன் குடுப்பான்." கீழே கடை என்றால் பின்ரூம் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது. "ஃப்ரீயா விடுங்க மதினி" என்றாள் சுபாஷிணி, அவள் இந்தக் காலத்துப் பேச்சுப் பேசுவாள், "ஒங்களுக்கு நாங்க இல்லாமப் போயிருவோமா?" இருப்பார்கள். இருப்பார்கள்தான். எண் இருபத்தொன்பது ஆகியிருந்தது.

வீடு ஃப்ரீயாக இருக்க வேண்டும். ஆக, இது இன்னொரு ஃப்ரீ. அப்பாவுக்கு வாங்குவார்களே சுகர் ஃப்ரீ பிஸ்கட், அந்த ஜாதி, இருக்கக் கூடாத ஒன்றை எடுத்துவிட்டது. சர்க்கரையை எடுத்த பிஸ்கட், திலகவதியை எடுத்த வீடு. நாற்பத்து நாலு வருஷம் கழித்து, டீச்சர், இன்னொரு எதிர்ச்சொல் கண்டுபிடித்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், வில்லங்கம். போன தீபாவளிக்கு சுபாஷிணி எடுத்துக் கொடுத்த நைட்டியில் ஃப்ரீ சைஸ் என்று போட்டிருந்தது, எந்த உடம்புக்கும் ஆகுமாம், எந்த உடம்புக்கும் ஆகுமென்றால் அது யார் உடம்பையும் பார்த்துத் தைத்தது இல்லை. போன வாரம் மாடிக்குக் கறிவேப்பிலை கேட்கப் போனபோது ஃப்ரிட்ஜ் மேல் ஒரு வழவழத் தாள், தோட்டம், பெஞ்சு, வெள்ளை முடிக்காரர்கள் சிரிக்கிறார்கள், முதியோர் இல்லம். யாருக்கோ விசாரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கறிவேப்பிலை கேட்கப் போன கறிவேப்பிலை. போட்டுவிடலாமே, என்ன இப்போது, ஒரு கையெழுத்து. போடாவிட்டால் என்ன ஆகும். சட்டப்படி பாதி அவளுக்கு உண்டு, அது இங்கே இருக்கிற நாற்காலிக்குக்கூடத் தெரியும், ஆனால் பாதி வீடு பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் வந்து தூக்குமா. வேலுதானே தூக்க வேண்டும். இனி அவன் இறங்கி வருவானா. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு ஒரு கிண்ணம் கீழே வரும், இனி வராது. மாடியில் பேச்சுச் சத்தம் அவள் நடந்தால் நிற்கும். அக்கா பேராசைக்காரி என்று சொந்தத்தில் நாலு பேர் நாக்கில் போட்டு மெல்லுவார்கள், ஒத்தக்கட்டைக்கு எதுக்கு வீடு, தலையில் கட்டிக்கிட்டுப் போகப் போறாளா. அதெல்லாம் சரி, ஆனால் அவன் ஏன் சொல்லவில்லை. நேற்றுப் போனில் ஃப்ரீயா என்று கேட்டவன், அந்த வரி போடலக்கா என்றும் அதே போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் போட்டுக் கொடுத்திருப்பாள், அதுதான் வேடிக்கை, அழுதுகொண்டே போட்டுக் கொடுத்திருப்பாள். அக்கா படித்துப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தான். அதுகூட இல்லை, படித்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்தான். தொடக்கூட இல்லை, தொட்டுப் பார்க்காமலே குத்த வந்துவிட்டான். நெஞ்சுக்கூட்டில் எங்கேயோ வலித்தது, வாயுவாக இருக்கும், காலையில் சாப்பிடவில்லை.

முப்பத்தொன்று என்று எழுந்தது. உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் பதிவாளர் ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத முகம், ஓரத்தில் மூடி திறக்காத டிபன்பாக்ஸ். "எழுதிக் குடுக்கிறவங்க முன்னாடி வாங்க, கேமராவைப் பாருங்க." பார்த்தாள். கம்ப்யூட்டரில் அவள் முகம் விழுந்தது, அப்பா முகம் மாதிரி இருந்தது. "ரேகை வைக்கிறதுக்கு முன்னாடி கேக்குறேன், பத்திரத்தைப் படிச்சுப் பாத்தீங்களாம்மா? ஒங்க சொந்த விருப்பத்துலதான் எழுதிக் குடுக்கிறீங்களா, யாரும் கட்டாயப்படுத்தலையே?" ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம் கேட்கிற கேள்வி, ராகம் போட்டு வந்தது. "எங்கக்காதான் மேடம், விருப்பத்தோடதான்" என்றான் வேலு. "அவங்க சொல்லணும்." ரேகை மெஷினில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. திலகவதியின் கட்டைவிரல் அதற்கு மேலே போய் நின்றது, அது பாட்டுக்குப் போயிருந்தது, அவள் சொல்லி அது போகவில்லை. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். இந்தச் சத்தமில்லாமையைத்தான் இவர்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்ளப் போகிறார்கள், இப்படித்தான் தேனியில் எழுதிக்கொண்டார்கள், இப்படித்தான் அந்த ஆறு வருஷத்தையும் எழுதிக்கொண்டார்கள். "அக்கா, வை" என்றான் வேலு காதோரம். நான் லைன்லதான இருந்தேன் தங்கச்சி. மழைகூட இல்லை, வெளியே நல்ல வெயில். அவள் விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "படிச்சுப் பாத்தேன் மேடம்" என்றாள், பல் தெரியாமல், பத்தொன்பது வருஷக் குரலில், "ஒரு வரி விட்டுப்போச்சு. வீடு ஃப்ரீன்னு எழுதியிருக்காங்க. ஃப்ரீ இல்ல மேடம். உள்ள ஆள் இருக்கு."

பதிவாளர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வேலுவைப் பார்த்தார், பத்திரக்காரரைப் பார்த்தார், பிறகு அந்தப் பதினோரு பக்கத்தையும் மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "வெளிய போய்ப் பேசி முடிச்சுட்டு வாங்க. முப்பத்திரண்டு." சுபாஷிணி முதல் வேலையாக நாற்காலியில் இருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அந்த நேரத்திலும் சேலை ஞாபகம் தப்பவில்லை. வேலு, "அக்கா" என்று மட்டும் சொன்னான். பதினாறு வயசுக் குரல் அது, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக் கேட்ட அதே குரல், அதைக் கேட்டதும் அவளுக்குத் திரும்பிப் போய் வைத்துவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அவன் அடுத்துச் சொன்னது, "மானத்த வாங்கிட்டியே." அவள் வெளியே வந்தாள். கார் கிளம்பி அவளைத் தாண்டிப் போனது, பின்சீட்டில் சாட்சிக்காரர்கள் ரெண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள், சாட்சி சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது அவர்களுக்கு. பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. இனி அந்த வீட்டில் எப்படி இருக்கப் போகிறோம், எத்தனை நாள், எத்தனை வருஷம், பேச்சில்லாத மாடிக்குக் கீழே, என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வெயிலில் நின்றாள். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரமாக, அசையாமல் உட்கார்ந்தாள். நாலு ஸ்டாப் தாண்டியதும் பைக்குள் போன் அடித்தது. வேலு. பக்கத்தில் இருந்த அம்மா, "போன் அடிக்குதுல்ல, எடுக்கலையா?" என்றாள். திலகவதி எடுக்கவில்லை. பதினாலு படிதான், இறங்கி வந்து கேட்கட்டும்.